செட்டிநாடு என்று போட்டால் சிக்கன் வருகிறது: டிஸ்பிளே விளம்பரத்தோடு மூன்று வருடம்

சித்தப்பாவுக்குக் காரைக்குடி பக்கத்து ஆத்தங்குடியில் தரைக்குப் பதிக்கும் கல் பட்டறை. வெளியூர்க்காரர்கள் டைல்ஸ் என்பார்கள், எங்களுக்கு அது கல்தான். கண்ணாடி மேல் அச்சு வைத்து, சாயம் கலந்த சிமெண்டைக் கரண்டியால் ஊற்றி, மணலும் சிமெண்டும் போட்டு அழுத்தி, தண்ணீரில் ஊறவைத்து, வெயிலில் காயவைப்பது. சூளை கிடையாது. பட்டறை வேலைக்கும் எனக்கும் சம்பந்தமில்லை. கூகுள் ஆட்ஸில் டிஸ்பிளே விளம்பரம், அதாவது மற்றவர்களின் இணையப் பக்கங்களிலும் ஆப்களிலும் படமாக வருகிற விளம்பரம், ஓட்டுவது மட்டும் மூன்று வருடத்துக்கு மேலாக என் பொறுப்பு.

தேடல் விளம்பரத்தில் ஒருவர் 'ஆத்தங்குடி டைல்ஸ் விலை' என்று தட்டினால் நாம் போய் நிற்கிறோம். டிஸ்பிளேயில் யாரும் எதையும் கேட்பதில்லை. அவர் பாட்டுக்குச் செய்தியோ கதையோ படித்துக்கொண்டிருக்கிறார். கீவேர்ட், அதாவது நாம் கொடுக்கும் சொற்களை வைத்து ஓட்டினால், அந்தப் பக்கம் எதைப் பற்றியது என்று பார்த்துத்தான் நம் படம் ஓரத்தில் வந்து உட்காருகிறது. அதனால் இங்கே கீவேர்ட் என்பது வாங்குபவர் கேட்கிற கேள்வி இல்லை, அவர் படிக்கிற பக்கத்தின் பொருள். இது எனக்குப் புரிய ஆறு மாதமும் கொஞ்சம் பணமும் செலவானது.

முதலில் ஒரு ஏஜென்சியிடம் கொடுத்திருந்தோம். நூற்றைம்பதுக்கு மேல் சொற்களை ஒரே விளம்பரக் குழுவில் கொட்டி வைத்திருந்தார்கள். செட்டிநாடு, காரைக்குடி, டைல்ஸ், வீடு, பாரம்பரியம் என்று சந்தைக் கூடை மாதிரி எல்லாம் கலந்து கிடந்தது. விளம்பரம் எங்கெல்லாம் தோன்றியது என்று காட்டும் அறிக்கையை ஒரு நாள் திறந்து பார்த்தேன். செட்டிநாடு சிக்கன், காரைக்குடி நண்டு மசாலா, குழிப்பணியாரம் என்று சமையல் பக்கங்களாகவே வந்துகொண்டிருந்தன. சித்தப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, கல்லு விக்கச் சொன்னா கறிக்குழம்புகிட்ட போய் நிக்கிது?" என்றார். கணக்கை நானே எடுத்துக்கொண்டேன்.

எடுத்துக்கொண்டு நானும் சொதப்பினேன். 'செட்டிநாடு' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'டைல்ஸ்' என்று மட்டும் வைத்தேன். கிளிக் கொட்டியது, போன் ஒன்றுகூட வரவில்லை. பார்த்தால் பாதிக்கு மேல் மொபைல் விளையாட்டுகள். ஒரே மாதிரி கட்டங்களைச் சேர்த்து உடைக்கிற விளையாட்டுகளுக்கு ஆங்கிலத்தில் டைல் என்றுதான் பெயர். எங்கோ ஒரு பிள்ளை கட்டத்தைத் தொடப்போய் எங்கள் விளம்பரத்தைத் தொட்டிருக்கும், அதற்கு நாங்கள் காசு கட்டியிருக்கிறோம். ஆப் வகைகளை ஒவ்வொன்றாக டிக் செய்து விலக்கினேன். சலிப்பான வேலைதான், ஆனால் இந்த மூன்று வருடத்தில் அதிகம் மிச்சம் பிடித்துக் கொடுத்தது அதுதான்.

அப்புறம்தான் சொற்களைப் பிரிக்க உட்கார்ந்தேன். பட்டறையில் ஒரு டிசைன் கல்லோடு இன்னொன்றைக் கலந்து அடுக்கினால் சித்தப்பா சும்மா விடமாட்டார். அதே கணக்குத்தான். வீடு கட்டுபவர் படிக்கிற பக்கங்களுக்கு ஒரு குழு: வீட்டு பிளான், செங்கல் விலை, பூச்சு வேலை, கட்டுமானச் செலவு. தரையைப் பற்றியே யோசிப்பவருக்கு ஒரு குழு: சிமெண்ட் டைல்ஸ், ரெட் ஆக்சைடு தரை, கைவேலைத் தரை. பழைய வீட்டைப் புதுப்பிப்பவருக்கு ஒன்று, தேக்குத் தூண், முற்றம், ஓட்டு வீடு என்று. குழுவுக்குப் பத்து, பன்னிரண்டு சொல் போதும். படமும் குழுவுக்குத் தகுந்தபடி மாறும். முற்றத்தைப் பற்றிப் படிப்பவருக்கு முற்றத்தில் பதித்த கல்லைக் காட்டுகிறேன், வெறும் கல்லை அல்ல.

ஒரு குழுவைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும். 'கிரகப்பிரவேசம்' என்ற சொல்லில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இருந்தது. இரண்டு மாதம் ஓட்டினேன், ஒரு விசாரிப்பும் இல்லை. சித்தியிடம் புலம்பியபோது அவர் சிரித்தார்: "பால் காய்ச்சுற வீட்ல தரை போட்டு முடிச்சிருப்பாகல்ல?" அதோடு அந்தக் குழுவை மூடிவிட்டேன். தரைக்கு என்ன போடலாம் என்ற பேச்சு பூச்சு வேலை நடக்கும்போதே முடிந்துவிடுகிறது. 'வாஸ்து'வும் போயிற்று, அது ஜோதிடப் பக்கங்களுக்கே இழுத்துக்கொண்டு போனது.

விலக்கும் சொற்கள், அதாவது நெகட்டிவ் கீவேர்ட்ஸ், என் கணக்கில் இப்போது விரும்பும் சொற்களைவிட அதிகம். சிக்கன், மசாலா, ரெசிபி, பிரியாணி, கேம், பசில், ஷூட்டிங். செட்டிநாட்டு வீடுகளில் படப்பிடிப்பு நடக்காத மாதம் குறைவு, சினிமாச் செய்தியில் நமக்கு ஆள் கிடைக்காது. இதில் ஒன்றைக் கவனியுங்கள்: டிஸ்பிளேயில் விலக்கும் சொல் அவ்வளவு கறாராக வேலை செய்யாது. அந்தப் பொருளைப் பற்றிய பக்கங்களைத் தவிர்க்கும், ஆனால் அந்தச் சொல் எங்காவது வருகிற பக்கத்தில் விளம்பரம் தலைகாட்டலாம். தேடலில் சொல்லைக் கறாராகப் பொருத்தச் சொல்லும் ஃபிரேஸ், எக்சாக்ட் வித்தைகளும் இங்கே செல்லாது. எல்லாச் சொல்லும் அகலமாகத்தான் பொருத்தப்படும்.

இன்னும் இரண்டு இடத்தில் வழுக்கினேன். ஒரே குழுவில் கீவேர்டும் டாபிக்கும் (கூகுள் தரும் பட்டியலில் தேர்வு செய்கிற பொதுத் தலைப்பு) சேர்த்துக் கொடுத்தால் இரண்டும் பொருந்துகிற பக்கம்தான் வரும் என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை, இரண்டில் ஒன்று பொருந்தினாலே போதும். குறுக்குகிறேன் என்று நினைத்து அகலப்படுத்திக்கொண்டிருந்தேன். அடுத்தது, புதிதாக ஒரு குழு திறந்தால் ஆப்டிமைஸ்டு டார்கெட்டிங் என்பது தானாகவே ஆன் ஆகியிருக்கும். நாம் கொடுத்த சொற்களைத் தாண்டியும் அது ஆள் தேடப் போகும். போதுமான விற்பனைத் தரவு சேர்ந்த பெரிய கணக்குக்கு அது சரிப்படலாம். மாதத்துக்கு நாலைந்து ஆர்டர் பார்க்கிற பட்டறைக்கு வேண்டாம் என்பது என் கட்சி. இடத்துக்கான அமைப்பையும் பாருங்கள். ஓர் ஊரில் இருப்பவர்கள் மட்டுமல்ல, அந்த ஊரில் ஆர்வம் காட்டுபவர்களும் சேர்ந்தே அதில் முதலிலேயே தேர்வாகியிருக்கும்.

தமிழா ஆங்கிலமா என்று கேட்பவர்களுக்கு: இரண்டும், ஆனால் தனித்தனி கேம்பெயினாக. 2018-இல்தான் கூகுளின் விளம்பரச் சேவைகளில் தமிழ் சேர்ந்தது, அதற்குப் பிறகு தமிழ்ப் பக்கங்களிலும் விளம்பரம் போட முடிகிறது. எங்களுக்குத் தமிழ்ப் பக்கங்களிலிருந்து வருபவர்கள் நேராகப் போனில் விலை கேட்கிறார்கள். ஆங்கிலப் பக்கங்களிலிருந்து வருபவர்கள் பெரும்பாலும் பெங்களூர், சென்னை ஆர்க்கிடெக்டுகள். முதலில் சாம்பிள் கல் கேட்பார்கள், ஆர்டர் மெதுவாக வந்தாலும் பெரிதாக வரும். ஆத்தங்குடியை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதுகிறார்கள் என்று பட்டியல் போட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமையை வீணாக்கினேன். பக்கத்தின் பொருளைத்தான் பார்க்கிறார்கள் என்பதால் அதற்கு அவசியமே இருக்கவில்லை.

ஐப்பசி பிறந்து மழை பிடித்ததும் எல்லாவற்றையும் நிறுத்திவைப்பேன். வெயில் இல்லாமல் கல் காயாது, ஆர்டர் வந்தாலும் கொடுக்க முடியாது. அந்த ஒன்றரை மாதத்தில் அறிக்கையை வரி வரியாகப் பார்ப்பேன். போன மழையில் பார்த்தபோது தரை துடைக்கும் லோஷன், ஆசிட் கறை பற்றிய பக்கங்களிலிருந்து நிறையக் கிளிக் வந்திருந்தது. ஏற்கனவே கல் பதித்தவர்களாக இருக்கும். ஆசிட் பட்டால் எங்கள் கல் பாழ், தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைப்பதுதான் வழக்கம். அந்தச் சொற்களையும் விலக்கப் போனேன். "இருக்கட்டும்ப்பா, ஆசிட் ஊத்தாதீகன்னு படத்துல எழுதிப் போடு" என்றார் சித்தப்பா. தை மாதத்திலிருந்து அதையும் ஒரு தனிக் குழுவாக, ஒரு நாளைக்கு ஐம்பது ரூபாயில் ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.