கூட்டமாய்க் காட்டுவழி போகிறவர்களுக்கு இந்த மீட்புக் கயிறு

நாலைந்து ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளாகச் சேர்ந்து மலைச்சரிவு, ஆற்றுமணல் என்று சுற்றும் கூட்டம் எங்களுடையது. அதற்காகத்தான், புதைந்த வண்டியை இன்னொரு வண்டியில் கட்டி இழுத்தெடுக்கும் இந்த நைலான் மீட்புக் கயிற்றை வாங்கினேன். முழுத் திருப்தி.

சங்கிலி நீளாது, இழுத்ததும் அதிர்ச்சி நேரே சேசிஸில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில், இறங்கும். இந்தக் கயிறு 30 சதவீதம் வரை நீளும், திரும்பச் சுருங்கும் விசையிலேயே புதைந்த வண்டியை வெளியே எடுத்துவிடும். ஈர மணலில் அச்சு வரை இறங்கிய நண்பரின் ஜீப்பில் மாட்டிப் பார்த்தோம். முன்வண்டி மெதுவாக நகர்ந்தது, கயிறு விறைத்தது, ஒரு நொடி எதுவுமே அசையவில்லை. அப்புறம் ஜீப் வழுக்கிக்கொண்டு மேலே வந்தது. யாருக்கும் ஒரு குலுங்கல்கூட இல்லை!

முனைக் கண்ணிகளில் பூசியிருக்கும் தடித்த பூச்சு பாறையில் உரசியும் பிரியவில்லை. ஆனால் கயிறு சேற்றுத் தண்ணீரை நிறையக் குடிக்கிறது. நைலான் நனைந்தால் வலுவும் கொஞ்சம் குறையும். இழைகளுக்குள் மணல் தங்கினால் உள்ளுக்குள்ளேயே அறுக்கும், அதனால் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள்.

வாங்கும்போது, கயிறு எவ்வளவு பாரத்தில் அறுபடும் என்ற அளவு வண்டி எடையைப்போல் இரண்டு, மூன்று மடங்கு இருக்கிறதா என்று பாருங்கள். டிரெய்லர் மாட்டும் உருண்டையில் மட்டும் இதை மாட்டவே கூடாது. அது உடைந்தால் குண்டு மாதிரி பறக்கும். அப்படி உயிர்கள் போயிருக்கின்றன. சேசிஸோடு போல்ட் போட்ட மீட்புக் கொக்கி இல்லையென்றால் முதலில் அதைப் பொருத்துங்கள், கயிறு அப்புறம்.