‘கேட்கிறது யாருப்பா?’ என்று கேட்டே காசைச் சுருட்டும் ஞான முகாம்

மதுரைக்கு வடக்கே ஒரு மாந்தோப்பில், ‘நான் யார்?’ என்று தனக்குள் தேடச் சொல்லித்தருவதாக மூன்று நாள் ‘ஆத்ம விசார முகாம்’ நடக்கிறது. அதைப் பற்றிய எச்சரிக்கை இது. போனவர்கள் பணத்தை இழந்தார்கள், சிலர் தூக்கத்தையும் இழந்து திரும்பினார்கள். நடத்துபவரின் பெயரை எழுதவில்லை. ஆளும் தோப்பும் மாறலாம், முறை மாறாது. அதனால் முறையைத்தான் விவரிக்கிறோம்.

முதலில் மாட்டுத்தாவணிப் பக்கம் ஒரு மண்டபத்தில் இரண்டு மணி நேர இலவச சத்சங்கம். அடுத்து 499 ரூபாய்க்கு ஜூம் வகுப்பு. பிறகு முகாம், 18,000 ரூபாய். மூன்றாம் நாள் மாலை எல்லோரும் அழுது முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கும் நேரம் பார்த்து ‘நேரடி தீட்சை’ அறிவிக்கப்படுகிறது: 75,000. அன்றிரவுக்குள் கட்டினால் 60,000. பரப்பிரம்மத்துக்கும் ஆடித் தள்ளுபடி வந்துவிட்டது.

விளம்பரத்தின் முதுகெலும்பு ரமண மகரிஷி. “பதினாறு வயசுப் பையன், இதே மதுரையில, அரை மணி நேரத்துல ஞானம் அடைஞ்சாரு. உங்களால ஏன் முடியாது?” 1896 ஜூலையில், மீனாட்சியம்மன் கோயில் தெற்குக் கோபுரத்துக்குப் பக்கத்தில் சொக்கப்ப நாயக்கன் தெரு வீட்டு மாடியில், திடீரென்று வந்த சாவுப் பயத்தில் தானே படுத்து, சாவது எது என்று உள்ளே பார்த்த அந்த மரண அனுபவம் நிகழ்ந்தது உண்மைதான். ஆனால் அந்தப் பையனை யாரும் படுக்க வைக்கவில்லை, யாரும் சங்கு ஊதவில்லை. அதற்குப் பிறகு 54 ஆண்டு வாழ்ந்தவர், அந்த அரை மணியை ஒரு பயிற்சியாக்கி யாருக்கும் நடத்தவில்லை. கட்டணம் வாங்கவில்லை, சடங்காகத் தீட்சை கொடுக்கவில்லை, தமக்குப் பின் குரு என்று ஒருவரையும் அமர்த்தவில்லை. ‘ரமண பரம்பரையில் வந்த நேரடி குரு’ என்று நோட்டீஸில் கண்டால் அங்கேயே நின்றுவிடலாம்.

முகாமுக்குள் நடப்பது என்ன? செல்போனை வாங்கி வைத்துவிடுகிறார்கள். இரவு 11.30க்குப் படுக்கை, விடியற்காலை 3.30க்கு மணி. இரண்டு வேளை கஞ்சி, ஒரு வேளை பழம். அதாவது நான்கு மணி நேரத் தூக்கமும் அரை வயிறும். அதன் மேல் ‘வாசி யோகம்’ என்ற பெயரில் 45 நிமிடம் வாயைத் திறந்து வேகமாக இரைக்கச் சொல்கிறார்கள். சித்தர்கள் சொன்ன வாசிக்கும் இதற்கும் பெயர்ப் பொருத்தம் மட்டும்தான். அங்கே மூச்சு அடங்குவது பேச்சு, இங்கே மூச்சு இரைப்பது.

இப்படி இரைத்தால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைகிறது. மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. தலை லேசாகிறது, காதில் ஒலி கேட்கிறது, உடம்பின் எல்லை கரைந்ததுபோல் இருக்கிறது. ரத்தத்தின் காரத்தன்மை கூடுவதால் அதில் வேலை செய்யும் கால்சியம் குறைந்து, உதடு மரத்து, விரல்கள் மடங்கி இறுகுகின்றன. “பாருங்க, முத்திரை தானா விழுது” என்று அப்போது சொல்லப்படுகிறது. விழுவது முத்திரை அல்ல, தசைப்பிடிப்பு. மூச்சு சீரானதும் சில நிமிடங்களில் விட்டுவிடும். வலிப்பு, இதய நோய், கட்டுக்கடங்காத ரத்த அழுத்தம், கண் அழுத்த நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இதைச் செய்யவே கூடாது. விண்ணப்பப் படிவத்தில் உடல்நலம் பற்றி ஒரு கேள்விகூட இல்லை. மற்றதெல்லாம் தெரியாமலேயே இருந்தாலும், திரும்பி வர இது ஒன்றே போதுமான காரணம்.

இரைத்து ஓய்ந்தவர்களை வரிசையாகப் படுக்கவைத்து, வெள்ளை வேட்டியால் மூடி, சங்கு ஊதி ‘மரண தியானம்’. எழுந்து உட்கார்ந்தவர் கண்ணீர் விட்டால் “விழிப்பு உறுதியாயிற்று” என்று சான்றிதழ். மனம் சற்று நேரம் ஓய்ந்திருப்பதை லயம் என்பார்கள்; அழிவது நாசம். லயித்தது மறுபடி எழும் என்று ரமணர் எழுதிய உபதேச உந்தியாரின் 30 பாட்டில் 13வது தெளிவாகவே சொல்கிறது. மூச்சை அடக்குவது மனத்தை அடக்க உதவும், மனோநாசம் செய்யாது என்பது அவருடைய ‘நான் யார்?’ நூலிலேயே இருக்கிறது. ஆக ரமணர் பெயரில் விற்கப்படுவது, அவரே போதாது என்று ஒதுக்கிய பண்டம். அதுவும் மூச்சை அடக்காமல் இரைத்து.

திங்கட்கிழமை வேலைக்குப் போனதும் பழைய கோபமும் பழைய கவலையும் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. முகாமின் வாட்ஸ்அப் குரூப்பில் கேட்டால் வரும் பதில் ஒன்றே: “கேட்கிறது யாருப்பா?” பணத்தைத் திருப்பிக் கேட்டாலும் அதே பதில். “பணமும் மாயைதானே” என்று கூடுதலாக ஒரு வரி.

அத்வைதத்தில் வியவகாரம் (அன்றாட நடப்பு), பரமார்த்தம் (இறுதி உண்மை) என்று இரண்டு தளம் உண்டு. பரமார்த்தத்தில் பிரம்மம் ஒன்றே சத்தியம். ஆனால் அந்த அறிவு வரும்வரை வியவகாரத்தின் விதிகள் அப்படியே செல்லும்: பசிக்குச் சோறு, கடனுக்கு வட்டி, சொன்ன சொல்லுக்குப் பொறுப்பு. இவர்கள் 18,000 ரூபாயை வாங்கும்போது வியவகாரத்தில் இருக்கிறார்கள், நாம் திருப்பிக் கேட்கும்போது பரமார்த்தத்துக்கு ஏறிவிடுகிறார்கள். மாயைதான் என்றால் திருப்பிக் கொடுப்பதில் என்ன கஷ்டம்?

சந்தேகம் கேட்பதே அகங்காரம் என்பதும் மரபு அல்ல. தமிழ் அத்வைத நூலான கைவல்ய நவநீதத்தைப் புரட்டுங்கள். இரண்டு படலங்களில் பெரியது ‘சந்தேகந் தெளிதற் படலம்’. சீடன் விடாமல் கேட்கிறான், குரு சலிக்காமல் சொல்கிறார்.

இனி அவசரமான விஷயம். முகாமுக்குப் பிறகு நான்கைந்து நாள் தூக்கமே இல்லாமல் அதிக உற்சாகம், ஓயாத பேச்சு, ‘எனக்கு ஒரு பணி இருக்கிறது’ என்ற நினைப்பு, கைக்காசை வாரி இறைத்தல் இருந்தால் அது ஞானத்தின் அறிகுறி என்று விட்டுவிடாதீர்கள். தூக்கக் குறைவு மேனியா என்ற, உற்சாகம் எல்லை மீறும் மனநோய் நிலையைத் தூண்டக்கூடியது. அதேபோல், உலகம் கண்ணாடிக்கு அப்பால் இருப்பதுபோல், தன் கை தன்னுடையதல்ல என்பதுபோல் மரத்துக் கிடப்பதைச் சிலர் ‘நான் கரைந்துவிட்டது’ என்று நினைக்கிறார்கள். பயமும் பசியின்மையும் சேர்ந்திருந்தால் மருத்துவரிடம் போக வேண்டும். மதுரை அரசு ராசாசி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416ல் 24 மணி நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். தியானம், மூச்சுப் பயிற்சி, விசாரம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, மூன்று வேளைச் சோறு, எட்டு மணி நேரத் தூக்கம், நடை, கையால் செய்யும் வேலை என்று இருக்க வேண்டும். “மாத்திரை அகங்காரத்தின் ஊன்றுகோல்” என்று முகாமில் சொன்னதைக் கேட்டு, மனநிலையைச் சீராக வைக்கும் லித்தியத்தையோ வலிப்பு மாத்திரையையோ நிறுத்தியிருந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

விசாரம் செய்யவே ஆசை என்றால் அதற்கு முகாம் வேண்டாம். ‘நான் யார்?’ சிறு புத்தகம். டீ, வடைக் காசுக்குக் கிடைக்கும், திருவண்ணாமலை ரமணாசிரமத்தின் இணையதளத்தில் இலவசமாகவும் இறக்கலாம். காலையில் 20 நிமிடம், மாலையில் 20 நிமிடம் போதும். எண்ணம் எழுந்ததும் அதைத் துரத்தாமல், ‘இது யாருக்கு?’ என்று பார்ப்பது. ‘எனக்கு’ என்று வந்தால், அந்த ‘நான்’ எங்கிருந்து கிளம்புகிறது என்று கவனத்தைத் திருப்புவது. பெரும்பாலோர் தவறுவது இங்கேதான்: ‘நான் யார், நான் யார்’ என்று ஜபமாக்கிவிடுகிறார்கள், அல்லது ‘நான் பிரம்மம்’ என்று பதிலை மனப்பாடம் செய்துகொள்கிறார்கள். கேள்வியின் வேலை கவனத்தைத் திருப்புவது மட்டும். பல நாள் ஒன்றும் நடக்காது. அதுவே சரியான போக்கு. சொக்கப்ப நாயக்கன் தெருவில் அந்த வீடு இன்று ரமண மந்திரம். உள்ளே போய்ச் சும்மா உட்காரலாம், கட்டணம் கிடையாது.

பணம் கட்டிவிட்டவர்களுக்கு: ரசீதை எடுத்துப் பாருங்கள். ‘நன்கொடை’ என்று எழுதிக் கொடுப்பதுதான் வழக்கம். காரணம், நன்கொடை என்றால் சேவைக்கான கட்டணம் அல்ல, குறைபாட்டுப் புகார் நிற்காது என்று வாதாடலாம். ‘நன்கொடைக்கு வரிவிலக்கு உண்டு’ என்று ஆசை காட்டியிருந்தால் அதுவும் தவறு. வகுப்புக்குக் கொடுத்த கட்டணத்துக்கு அந்த விலக்குக் கிடைக்காது. கட்டணத் தொகையும் தேதியும் உள்ள நோட்டீஸ், ‘18,000 கட்டினால்தான் இடம்’ என்ற வாட்ஸ்அப் செய்தி, அதே தொகைக்கான யூபிஐ பதிவு ஆகிய மூன்றும் கையில் இருந்தால் அது கட்டணம்தான் என்று காட்ட முடியும். எழுத்தில் ஒருமுறை பணத்தைத் திருப்பிக் கேளுங்கள், 15 நாள் கெடு கொடுங்கள். பதில் இல்லையென்றால் நுகர்வோர் உதவி எண் 1915, அதற்குப் பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரை புகாருக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் இல்லாமலும் வாதாடலாம், இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். பணத்தை வாங்கிக்கொண்டு முகாமே நடத்தாமல் நம்பரை அணைத்துவிட்டார்கள் என்றால் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண் 1930.

குரூப்பில் கேள்வி கேட்ட அன்றே நீக்கிவிடுகிறார்கள். ஆகவே முதலில் மொத்த உரையாடலையும் எக்ஸ்போர்ட் செய்து வைத்துக்கொண்டு, பிறகு கேளுங்கள்.