அகடமிக் ஃப்ரேஸ்பேங்க்: இரண்டு வருடம் பக்கத்தில் வைத்து எழுதிய பிறகு

உளவியலில் இளங்கலை மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். பள்ளிப் படிப்பு முழுக்கத் தமிழ்வழி. ஆங்கிலத்தில் கட்டுரை எழுதுவது என்றால் பிழையில்லாமல் எழுதுவது, அவ்வளவுதான் என்று கல்லூரி சேரும்வரை நினைத்திருந்தேன். முதல் பருவத்தில் நான் கொடுத்த கட்டுரை திரும்பி வந்தபோது, இலக்கணப் பிழை என்று சுழித்திருந்தது நான்கைந்து இடத்தில்தான். ஆனால் ஓரத்தில் ஒரே கேள்வி பக்கத்துக்குப் பக்கம் இருந்தது: “யார் சொன்னது?” சில இடங்களில் “எல்லாருக்குமா?” என்றும் இருந்தது. இலக்கணப் புத்தகம் எதிலும் இதற்குப் பதில் கிடைக்கவில்லை.

அப்போது மேல் வகுப்பு அக்கா ஒருவர் காட்டியதுதான் அகடமிக் ஃப்ரேஸ்பேங்க். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஜான் மார்லி உருவாக்கிய இணையதளம். படிக்கக் காசு கிடையாது. ஆய்வுக் கட்டுரைகளில் அடிக்கடி வரும் வாக்கிய அமைப்புகளை, உள்ளே இருக்கும் விஷயத்தை எடுத்துவிட்டுச் சட்டகமாக மட்டும் தொகுத்து வைத்திருக்கிறார்கள். கட்டுரையைத் தொடங்குவது, பிறர் ஆய்வைச் சுட்டுவது, ஆய்வுமுறையை விவரிப்பது, கிடைத்ததைச் சொல்வது, அதை விவாதிப்பது, முடிப்பது என்று பெரிய பகுதிகள். அவற்றோடு வரையறுக்க, ஒப்பிட, காரணம் காட்ட, விமர்சிக்க, அளந்து பேச என்று தனிப் பக்கங்கள்.

இங்கிருந்து எடுத்தால் காப்பி அடித்தது ஆகாதா என்று எனக்கும் பயம் இருந்தது. ஆகாது. ‘எக்ஸ் ஹேஸ் பீன் டிஃபைன்ட் ஆஸ்’ என்ற அமைப்பு யாருடைய சொத்தும் இல்லை. அதற்குப் பின்னால் வரும் வரையறை ஒருவருடையது. அவர் பெயரையும் ஆண்டையும் போட்டாக வேண்டும்.

முதலில் நான் இதைப் பயன்படுத்திய விதம் தவறு. அதைச் சொன்னால்தான் இந்தத் தளம் எதற்கு உதவும் என்பது புரியும். தூக்கமும் நினைவாற்றலும் பற்றி ஒரு கட்டுரை. படிப்பதற்கு முன்பே தளத்தைத் திறந்து, அழகாக இருந்த வாக்கியங்களை வரிசையாக எடுத்து வைத்துக்கொண்டேன். சமீப ஆண்டுகளில் இது பற்றிய ஆய்வுகள் பெருகி வருகின்றன என்று பொருள்படும் வாக்கியம்தான் என் முதல் வரி. எங்கள் ஆசிரியை அந்த வரியின் மேல் விரலை வைத்து, “இப்படிப் பெருகியிருக்கிறதில் நீ படிச்ச மூணைச் சொல்லு” என்றார். நான் அதுவரை படித்திருந்தது ஒன்று. “அப்போ இந்த வரி உன்னுது இல்லை” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஆனாலும் அந்த வாக்கியம் எனக்கு மறக்கவே இல்லை.

ஏனென்றால் இந்தச் சட்டகங்களில் எதுவும் வெறும் அலங்காரம் இல்லை. ஒவ்வொன்றும் ஒரு கூற்று. ஆய்வுகள் பெருகியிருக்கின்றன என்று எழுதினால் அவற்றைத் தேடிப் பார்த்திருக்க வேண்டும். இதுவரை யாரும் கவனிக்கவில்லை என்று எழுதினால் இன்னும் அதிகமாகத் தேடியிருக்க வேண்டும். ஜான் ஸ்வேல்ஸ் என்ற மொழியியலாளர் ஆய்வுக் கட்டுரையின் முன்னுரையை மூன்று நகர்வுகளாகப் பிரித்தார்: களத்தைக் காட்டுவது, அதில் உள்ள இடைவெளியைக் காட்டுவது, அந்த இடைவெளியில் தன் ஆய்வை நிறுத்துவது. தளத்தின் முன்னுரைப் பக்கத்தை இந்தக் கண்ணோடு பார்த்தால் எந்த வாக்கியம் எந்த நகர்வுக்கு என்பது சட்டென்று தெரிகிறது. “ஆதிகாலம் தொட்டு மனிதன் தூங்கி வருகிறான்” என்று தொடங்கும் பழக்கம் எனக்கு அதற்குப் பிறகுதான் போனது. அந்த வரி களத்தையும் காட்டவில்லை, இடைவெளியையும் காட்டவில்லை.

இடைவெளி பற்றிய பகுதியில் ஒரு சின்ன விஷயம் என்னை நிறைய நேரம் நிறுத்தி வைத்தது. ‘ஃபியூ ஸ்டடீஸ்’ என்பதற்கும் ‘எ ஃபியூ ஸ்டடீஸ்’ என்பதற்கும் நடுவில் ஒரே ஒரு எழுத்துதான். இரண்டையும் ‘சில ஆய்வுகள்’ என்றே மனதுக்குள் படித்துக்கொண்டிருந்தேன். அப்படியல்ல. ‘எ ஃபியூ’ என்றால் சில ஆய்வுகள் இருக்கின்றன. ‘ஃபியூ’ என்றால் சில ஆய்வுகளே இருக்கின்றன, அதாவது போதாது. நம் ஏகாரம் செய்கிற வேலையை அங்கே அந்த ‘எ’ இல்லாமல் போவது செய்கிறது. இது பிடிபட்ட அன்று என் பழைய கட்டுரைகளைத் திறந்து பார்த்தேன். இரண்டு இடத்தில் நான் சொல்ல நினைத்ததற்கு நேர் எதிராக எழுதியிருந்தேன்.

எனக்கு மிகவும் பயன்பட்டது ‘பீயிங் காஷியஸ்’ என்ற பக்கம். அளந்து பேசுவதற்கான வாக்கியங்கள் அதில் இருக்கின்றன. முதல் பருவக் கட்டுரையில் நான் எழுதியிருந்தது, ஸ்மார்ட்போன் மாணவர்களின் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று. அதற்கு ஆதாரமாக நான் காட்டிய ஆய்வு ஒரு கருத்துக்கணிப்பு. படுக்கையில் அதிக நேரம் போன் பார்ப்பவர்கள் குறைவாகத் தூங்குவதாகச் சொன்னார்கள் என்பதுதான் அதில் இருந்தது. போன் பார்த்ததால் தூக்கம் போனதா, தூக்கம் வராததால் போனை எடுத்தார்களா? கருத்துக்கணிப்பால் அதைச் சொல்ல முடியாது. ‘காஸஸ்’ (காரணமாகிறது) என்று நான் போட்டிருந்த இடத்தில் ‘இஸ் அஸோஸியேட்டட் வித்’ (தொடர்புடையது) வர வேண்டும். வினையை மாற்றியதும் வாக்கியம் உண்மைக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. ஆசிரியை “எல்லாருக்குமா?” என்று கேட்டதற்கு ‘டெண்ட் டு’ (பெரும்பாலும் அப்படி) என்ற இரண்டு சொல் பதில் ஆனது.

அப்புறம் எதிர்ப் பக்கம் சாய்ந்தேன். ஒரே வாக்கியத்தில் ‘மே’, ‘பாஸிப்ளி’, ‘சஜெஸ்ட்’ மூன்றும். ஆசிரியை இரண்டை அடித்துவிட்டார். ‘சஜெஸ்ட்’ ஒன்றே போதும், ‘ப்ரூவ்’ அளவுக்கு உறுதி இல்லை என்பதை அதுவே சொல்லிவிடும். ஒரு சந்தேகத்துக்கு ஒரு சொல் என்று அன்றிலிருந்து கணக்கு வைத்திருக்கிறேன்.

பிறர் ஆய்வைச் சுட்டும் பகுதியும் அருமை. ‘ஷோஸ்’, ‘ஆர்க்யூஸ்’, ‘கிளெய்ம்ஸ்’ மூன்றுமே எனக்கு முன்பு ‘சொல்கிறார்’தான். ‘ஷோஸ்’ போட்டால் அவர் சொன்னதை நானும் ஏற்றுக்கொள்கிறேன். ‘கிளெய்ம்ஸ்’ போட்டால் நான் ஓரடி தள்ளி நிற்கிறேன். நமக்கு இது புதிய மரபும் அல்ல. தொல்காப்பியத்தின் முதல் நூற்பாவிலேயே ‘என்ப’ என்று வந்துவிடுகிறது. ‘என்மனார் புலவர்’ என்று அதில் திரும்பத் திரும்ப வருகிறது. எனக்கு முன்னால் இதைச் சொன்னவர்கள் இருக்கிறார்கள் என்று ஒரு சொல்லால் காட்டிவிட்டு நகர்வது. பள்ளியில் அதைப் பொருளோடு மனப்பாடம் செய்திருந்தும், இந்தப் பக்கத்தைப் படிக்கும்வரை இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை.

காலம் காட்டும் வினைகளும் இங்கேதான் தெளிந்தன. ஒரு குறிப்பிட்ட ஆய்வு என்றால் ‘ஃபவுண்ட்’, கண்டறிந்தது. பல ஆய்வுகளைச் சேர்த்துச் சொன்னால் ‘ஹேவ் ஷோன்’, காட்டியிருக்கின்றன.

இந்தத் தளத்திடம் எதிர்பார்க்கக் கூடாதவையும் உண்டு. ஒரு பத்தியை எப்படிக் கட்டுவது என்று இந்தச் சட்டகங்கள் மட்டும் கற்றுத் தராது. வாக்கியங்கள் தனித்தனியாக நிற்கின்றன, அடுத்த வாக்கியம் ஏன் வர வேண்டும் என்பதை நாம்தான் யோசிக்க வேண்டும். பல அமைப்புகள் ஆய்வேடு எழுதுபவர்களுக்கானவை. ஆயிரத்தைந்நூறு சொல் கட்டுரையில் ‘இந்த ஆய்வேட்டின் நோக்கம்’ என்கிற ரீதியில் எழுதினால் பொருந்தாது. மேற்கோள் வடிவங்களுக்கு நான் போவது பர்டியூ பல்கலைக்கழகத்தின் ஆன்லைன் ரைட்டிங் லேப். ஏபிஏ, அதாவது அமெரிக்க உளவியல் சங்கத்தின் மேற்கோள் முறை, ஏழாம் பதிப்பில் மூன்று ஆசிரியர்கள் இருந்தாலே முதல் முறையிலிருந்து ‘எட் ஆல்’ (மற்றும் பிறர்) போடலாம் என்பது போன்ற விதிகளெல்லாம் அங்கே எடுத்துக்காட்டோடு இருக்கின்றன.

இப்போது நான் எழுதும் வரிசை வேறு. முதலில் படிப்பேன். படித்ததைத் தமிழிலேயே நாலு வரி குறித்துக்கொள்வேன். பிறகு ஆங்கிலத்தில் தோன்றியபடி ஒரு வரைவு. அது முடிந்த பிறகுதான் ஃப்ரேஸ்பேங்கைத் திறப்பேன். என் வாக்கியத்துக்குப் பக்கத்தில் அதன் வாக்கியத்தை வைத்து, நான் சொல்ல வந்த அழுத்தம் எதில் சரியாக இருக்கிறது என்று பார்ப்பேன். பாதி நேரம் என்னுடையதே சரியாக இருக்கிறது.

புதிதாகச் சேர்ந்தவர்கள் முன்னுரைப் பக்கத்தில் தொடங்க வேண்டாம், ‘பீயிங் காஷியஸ்’ பக்கத்தில் தொடங்குங்கள். மதிப்பெண் வந்து முடிந்த பழைய கட்டுரை ஒன்றை எடுத்து, ஒவ்வொரு வாக்கியத்தின் ஓரத்திலும் “யார் சொன்னது?”, “எல்லாருக்குமா?” என்று நீங்களே பென்சிலால் எழுதிப் பாருங்கள். என் முதல் கட்டுரையில் முதல் பக்கத்தில் மட்டும் பதினோரு இடம் வந்தது. ஆசிரியை அதில் ஆறைத்தான் குறித்திருந்தார்.