17 வயதுப் பிள்ளையின் பெயரில் இரண்டு வருட போன் ஒப்பந்தம்: டோட்முண்ட் நுகர்வோர் நிலையத்தில் கிடைத்த உதவி

யேர்மனியில் பிள்ளை வளர்க்கும் எங்கள் ஆட்கள் பலருக்கு ஃபெர்பிரௌஹர்சென்ட்ராலே என்ற பெயர் தெரியும், உள்ளே போனவர்கள் குறைவு. நுகர்வோருக்கு ஆலோசனை சொல்லும் நிலையம் அது. 16 மாநிலங்களிலும் ஒவ்வொன்று உண்டு. எங்கள் நோர்ட்ரைன் வெஸ்ட்ஃபாலன் மாநிலத்தில் மட்டும் 60க்கும் மேற்பட்ட ஊர்களில் கிளைகள் இருக்கின்றன. டோட்முண்ட் கிளைக்கு நான் போனது என் பெறாமகனுக்காக.

அக்காவின் மகனுக்கு 17 வயது. உடைந்த போன் திரையை மாற்றக் கொடுத்துவிட்டு ஒரு கடையில் காத்திருந்தான். கடையில் நின்றவர் பேச்சுக் கொடுத்து, மாதம் 34.99 யூரோ கட்டினால் டேப்லெட் சும்மா கிடைக்கும் என்று சொல்லி, மின்பலகையில் கையெழுத்து வாங்கிவிட்டார். 24 மாத போன் ஒப்பந்தம். கூட்டிப் பார்த்தால் 839.76 யூரோ. அடையாள அட்டை கேட்கவே இல்லை என்கிறான் பிள்ளை. ஒப்பந்தத்தைத் திறந்து பார்த்தபோது எனக்கு வயிறு பற்றி எரிந்தது. பிறந்த நாளும் மாதமும் சரியாக இருக்க, வருடம் மட்டும் இரண்டு குறைத்து எழுதப்பட்டிருந்தது. தாளில் அவனுக்கு 19 வயது.

அவனுடைய கணக்கிலிருந்து முதல் மாதக் காசு போன பிறகுதான் அக்காவுக்குத் தெரியவந்தது. கடைக்குப் போனால், கையெழுத்து வைத்தாயிற்று, இனி நிறுவனத்தோடு பேசுங்கள் என்றார்கள். நிறுவனத்துக்கு எழுதினால், கடையில் நேரே செய்த ஒப்பந்தத்தை 14 நாளுக்குள் மீளப்பெறும், அதாவது அதிலிருந்து விலகும் உரிமை கிடையாது என்று பதில் வந்தது. இந்த 14 நாள் கதையை எங்கள் ஆட்களிடையே எல்லோரும் சொல்வார்கள். அது இணையத்திலோ தொலைபேசியிலோ வீட்டு வாசலிலோ செய்த ஒப்பந்தத்துக்குத்தான். கடைக்குப் போய்க் கையெழுத்து வைத்தால் சட்டப்படி அந்த உரிமை இல்லை. அந்தப் பதில் அந்த அளவில் சரி. ஆனால் பிள்ளைக்கு வயது வரவில்லை என்பதைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை.

நிலையத்தில் எங்களுக்கு ஆலோசனை சொன்ன பெண்மணி ஒப்பந்தத்தை வாசிக்க முதல் கேட்ட கேள்வி, "பிள்ளைக்கு 18 எப்போது?" என்பது. எனக்கு அப்போது அது விளங்கவில்லை. பிறகு அவர் விளக்கினார். 1900ஆம் ஆண்டிலிருந்து நடைமுறையில் உள்ள யேர்மன் குடியியல் சட்டத்தின்படி, 7 வயதுக்கு மேல் 18 வயதுக்குள் உள்ள பிள்ளை இப்படி ஓர் ஒப்பந்தம் செய்தால், பெற்றோர் சம்மதிக்கும் வரை அது அந்தரத்தில் தொங்கும். 108ஆம் பிரிவு. பெற்றோர் மறுத்துவிட்டால் அது தொடக்கத்திலிருந்தே செல்லாது. நிறுவனம் பெற்றோரிடம் சம்மதம் கேட்டு எழுதி, இரண்டு கிழமைக்குள் பெற்றோர் ஒன்றும் சொல்லாவிட்டாலும் மறுத்ததாகத்தான் கணக்கு. ஆனால் யாரும் எதுவும் சொல்லாமல் பிள்ளைக்கு 18 ஆகிவிட்டால், சம்மதிக்கும் உரிமை பிள்ளையின் கைக்குப் போய்விடுகிறது. அதன் பிறகு அவன் தொடர்ந்து காசு கட்டினால், சிம்மைப் பாவித்தால், அதையே சம்மதம் என்று நிறுவனம் வாதாடலாம். எங்கள் பிள்ளைக்கு இலையுதிர் காலத்தில் 18. பெரிய பிள்ளைதானே, கொஞ்ச நாள் பார்ப்போம் என்று விட்டிருந்தால் சிக்கியிருப்பான்.

அடுத்ததாக அவர் கடிதத்தில் கை வைத்தார். அக்கா எழுதிக் கொண்டுவந்த நகலில் ஒப்பந்தத்தை முடித்துத் தரும்படி கேட்டிருந்தோம். முடித்துத் தரக் கேட்டால் அப்படி ஒரு ஒப்பந்தம் இருக்கிறது என்று நாங்களே ஒப்புக்கொண்டது போலாகும், 24 மாதம் முடிய நிறுத்துகிறோம் என்று அவர்கள் பதில் எழுதிவிடுவார்கள் என்றார். அதற்குப் பதிலாக நான்கு ஐந்து வரிதான்: எங்கள் பிள்ளை இந்தத் திகதியில் பிறந்தவன், கையெழுத்து வைத்தபோது வயது வராதவன், நாங்கள் சம்மதம் கொடுக்கவில்லை, கொடுக்கவும் மாட்டோம், எடுத்த காசைத் திருப்பித் தாருங்கள். அக்கா, அத்தான் இருவருமே கையெழுத்து வைக்க வேண்டும், பராமரிப்பு உரிமை இருவருக்கும் உள்ளதால். பிறப்புச் சான்றிதழின் நகலோடு, ஏற்புச் சீட்டு வரும் பதிவுத் தபாலில், கடைக்கு இல்லாமல் நிறுவனத்தின் தலைமையகத்துக்கு அனுப்பச் சொன்னார். டேப்லெட்டை என்ன செய்வது என்று கேட்டோம். ஒப்பந்தம் செல்லாது என்றால் பொருளும் எங்களுடையதில்லை, திருப்பிக் கொடுக்கத் தயார் என்று அதே கடிதத்தில் எழுதுங்கள், பெட்டியைப் பத்திரமாக வையுங்கள் என்றார்.

வங்கி விஷயத்தையும் தெளிவாகச் சொன்னார். நேரடிப் பற்றாக, அதாவது நிறுவனமே கணக்கிலிருந்து எடுத்த காசை எட்டுக் கிழமைக்குள் காரணம் சொல்லாமலே திரும்ப எடுக்கலாம். அன்றைக்குப் பின்னேரமே பிள்ளை தன் வங்கிச் செயலியில் அதைச் செய்தான், காசு வந்துவிட்டது.

நிறுவனம் உடனே விடவில்லை. பிள்ளை தன் கைச்செலவுக் காசிலிருந்து கட்டுவதால் ஒப்பந்தம் செல்லும் என்று எழுதினார்கள். சட்டத்தில் அப்படி 110ஆம் பிரிவு ஒன்று இருக்கிறது. அது பெற்றோர் கொடுத்த காசில் முழுக்கக் கட்டி முடித்த பொருளுக்குத்தான். கையில் உள்ள காசைக் கொடுத்து ஒரு பந்து வாங்கினால் செல்லும், இரண்டு வருடத்துக்கு மாதா மாதம் கட்டுவதற்கு அது பொருந்தாது. அப்புறம் இன்காசோ, அதாவது கடன் வசூலிக்கும் நிறுவனத்தின் கடிதம் வந்தது. சிவப்பு எழுத்து, கூடுதல் கட்டணம், ஒருவர் கடனை ஒழுங்காகக் கட்டுகிறாரா என்று பதிந்து வைக்கும் ஷூஃபா நிறுவனத்தில் பெயர் ஏறும் என்ற பயமுறுத்தல். அக்கா அன்றிரவு தூங்கவில்லை. ஷூஃபாவில் பெயர் கெட்டால் பிள்ளைக்கு நாளைக்கு ஒரு வீடு வாடகைக்கு எடுப்பதே கஷ்டம், அந்தப் பயம் நியாயமானது.

இங்கேதான் நிலையத்தின் அருமை எனக்குத் தெரிந்தது. இந்தக் கடனை ஏற்கவில்லை என்று எழுத்தில் ஒரு முறை மறுத்துவிட்டால், தகராறில் உள்ள கடனாக அதை ஷூஃபாவில் பதிய முடியாது என்றார் அந்தப் பெண்மணி. எழுதி அனுப்பினோம். நீதிமன்றத்திலிருந்து மஞ்சள் உறையில் கடிதம் வந்தால் மட்டும் கவனம், இரண்டு கிழமைக்குள் மறுப்புத் தெரிவிக்க வேண்டும் என்றும் சொல்லி வைத்தார். அப்படி ஒன்று வரவில்லை.

கடைசியில் நிறுவனம், நல்லெண்ண அடிப்படையில் ஒப்பந்தத்தை ரத்துச் செய்கிறோம் என்று எழுதியது. எனக்கு அந்த வரியில் கோபம். பிள்ளையின் பிறந்த வருடத்தை மாற்றி எழுதி எடுத்த கையெழுத்து அது. சட்டம் கொடுத்ததைத் தாங்கள் கொடுத்த தயவு போல எழுதுகிறார்கள். டேப்லெட்டை அனுப்பினோம், அனுப்பிய ரசீதை வைத்திருக்கிறோம்.

நிலையத்துக்குப் போக நினைப்பவர்களுக்கு: நேர ஒழுங்கு எடுத்துக்கொண்டு போங்கள். ஆலோசனைக்குக் கட்டணம் உண்டு, உங்களுக்காக அவர்களே நிறுவனத்துக்கு எழுதினால் இன்னும் கூட. மாதிரிக் கடிதங்கள் அவர்களுடைய இணையத்தளத்தில் இலவசம், டொச், அதாவது யேர்மன் மொழி எழுதத் தெரிந்தவர்களுக்குச் சில நேரம் அதுவே போதும். ஒப்பந்தம், வந்த கடிதங்கள், வங்கிக் கணக்கு விபரம், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் திகதி வாரியாக அடுக்கிக் கொண்டுபோனால் கட்டணம் கொடுத்த நேரம் வீணாகாது.

தயவுசெய்து, பிள்ளையை மொழிபெயர்க்கக் கூட்டிப் போகாதீர்கள். எங்கள் பிள்ளைகள் பத்து வயதிலிருந்தே அம்மா அப்பாவுக்காக வீட்டு வாடகைக் கடிதமும் வைத்தியர் கடிதமும் வாசிக்கிறார்கள். கடைக்காரர் முன்னால் பெரியவர்கள் போலப் பேசப் பழகிவிட்டார்கள், அதனால்தான் அவர்களிடம் கையெழுத்துக் கேட்கத் துணிகிறார்கள். இந்தப் பிள்ளை அந்த அறையில் தலை குனிந்துதான் இருந்தான். அந்தப் பெண்மணி அவன் பக்கம் திரும்பி, "நீ செய்தது குற்றமில்லை, உன் வயதைச் சரிபார்க்க வேண்டியது அவர்கள்" என்றார். அதை அவனே அக்காவுக்குத் தமிழில் சொல்ல வேண்டியிருந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டான்.

பிள்ளைக்கு 18 ஆன பிறகு, அவனைப் பற்றி ஷூஃபாவில் என்ன பதிவு இருக்கிறது என்ற விபரத்தை இலவசமாகக் கேட்டு எடுத்தோம். தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவில் அந்த உரிமை இருக்கிறது. இலவச விண்ணப்பத்தைத் தேடித்தான் எடுக்க வேண்டியிருந்தது, காசு கட்டும் சான்றிதழை முன்னுக்குக் காட்டினார்கள். தபாலில் வந்த தாளில் இந்த ஒப்பந்தத்தைப் பற்றி எதுவும் இல்லை.