மினி 14 போன பிறகு டிக்கா டி3எக்ஸ் ரைஃபிள்: ஒரு திராட்சைத் தோட்டக்காரனின் மதிப்புரை

நியூசிலாந்தில் 2019 ஏப்ரல் 12-க்குப் பிறகு தோட்டம், பண்ணை வைத்திருந்த பலருக்கும் ஒரே யோசனைதான்: சுட்டதும் அடுத்த தோட்டா தானாக ஏறிக்கொள்ளும் செமி ஆட்டோமேட்டிக் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு எதை வாங்குவது? கிறைஸ்ட்சர்ச் பள்ளிவாசல்களில் 51 பேர் கொல்லப்பட்டு ஒரு மாதம் முடிவதற்குள், பெரும்பாலான செமி ஆட்டோமேட்டிக் துப்பாக்கிகளைத் தடைசெய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் 119-க்கு 1 என்ற கணக்கில் நிறைவேற்றிவிட்டது. அந்தச் சட்டத்தோடு எனக்குச் சண்டை கிடையாது. எனக்கு வேண்டியதெல்லாம் முயலையும் காட்டு ஆட்டையும் கொடிகளிடமிருந்து தள்ளி வைக்க ஒரு கருவி.

நான் மத்திய ஒடாகோவில், பானக்பர்ன் பக்கம் ஒரு திராட்சைத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறேன். சொந்த ஊர் கம்பம். அங்கேயும் திராட்சைதான், அங்கேயும் காட்டுப்பன்றித் தொல்லை உண்டு. ஆனால் தகரத்தைத் தட்டுவதற்கு மேல் நாங்கள் எதுவும் செய்ததில்லை. இங்கே கதை வேறு. முயலை ஒழிக்க 1997-ல் விவசாயிகள் சிலர் திருட்டுத்தனமாக ஒரு வைரஸைக் கொண்டுவந்து பரப்பினார்கள். 2018-ல் அரசு அனுமதியோடு கே5 என்ற வகையையும் பரப்பிப் பார்த்தார்கள். முயல் இன்னும் இருக்கிறது. இளங்கொடியின் பட்டையை அது சுற்றிக் கடித்துவிட்டால் அந்தக் கொடியை மறந்துவிட வேண்டியதுதான்.

என்னிடம் இருந்தது ரூகர் மினி 14 என்ற செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள். அதை அரசிடம் ஒப்படைத்தபோது 'பயன்படுத்தியது' என்ற தரத்தில் போட்டு, அடிப்படை விலையில் 70 சதவீதம் தந்தார்கள். புதிது போல இருந்தால் 95, மோசமாக இருந்தால் 25. விலங்குக் கட்டுப்பாட்டையே தொழிலாகச் செய்பவர்களுக்கு விலக்கு இருந்தது. நமக்கு அது பொருந்தாது.

அப்போது கடைகளில் எல்லோரும் கேட்டது, 'பழையதைப் போலவே வேகமாகச் சுட எது இருக்கிறது?' என்றுதான். நேராக இழுக்கும் போல்ட் (அடுத்த தோட்டாவைக் கையால் ஏற்றுகிற தண்டு), லீவர் என்று ஆளுக்கு ஒன்றைக் காட்டினார்கள். ஜெர்மன் பிளேசர் ஆர்8 கையில் எடுத்துப் பார்க்க அருமை, விலையைக் கேட்டதும் கீழே வைத்துவிட்டேன். வேகத்தைத் தேடிப் போவதே வீண் என்பது என் கருத்து. எவ்வளவு தூரத்தில் சுடப் போகிறோம் என்பதை வைத்துத்தான் ரைஃபிளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எனக்குச் சரிவின் மேல் 150, 200 மீட்டரில் நிற்கிற ஆடும் முயலும்தான் கணக்கு. அதனால் .223 தோட்டாவிலேயே நின்று, கைப்பிடியைத் தூக்கி இழுக்கிற சாதாரண போல்ட் ஆக்‌ஷனில் டிக்கா டி3எக்ஸ் லைட்டை எடுத்தேன்.

பின்லாந்தின் ரீஹிமாக்கியில் சாக்கோ தொழிற்சாலையில் செய்வது. ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) இல்லாமல் மூன்று கிலோவுக்குச் சற்றுக் குறைவு. இதில் முதலில் பிடித்துப்போவது போல்ட்தான். எண்ணெய் விட்டது போல வழுக்கிக்கொண்டு போகிறது. 70 டிகிரி தூக்கினால் போதும் என்பதால் கை ஸ்கோப்பில் இடிப்பதில்லை. ட்ரிகரும் கடையிலிருந்து வந்தபடியே இழுபறியில்லாமல் சட்டென்று விடுகிறது. அதை இழுக்க வேண்டிய அழுத்தத்தைக் குறைக்க ஒரு திருகைத் திருப்பினால் ஆயிற்று. முதல் தோட்டா சொன்ன இடத்தில் விழுவதால் அடுத்த தோட்டாவின் அவசரமே குறைந்துவிட்டது. ஆட்டுக்கூட்டம் ஓடும்போது மட்டும் மினி 14-ஐ நினைத்துக்கொள்வேன், மறுக்க மாட்டேன்.

வாங்கும்போது பாரலின் முறுக்கு அளவை, அதாவது தோட்டாவைச் சுழற்றிவிட குழலுக்குள் வெட்டியிருக்கும் சுருள் வரி எவ்வளவு நீளத்துக்கு ஒரு சுற்று வருகிறது என்பதை, கட்டாயம் பாருங்கள். .223-ல் 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று, 8 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று இரண்டு விதமாக வந்திருக்கிறது. 55 கிரெயின் (தோட்டா முனையின் எடையைச் சொல்லும் அளவு) தோட்டாவுக்கு எதுவானாலும் சரி. எங்கள் பள்ளத்தாக்கில் பிற்பகல் காற்று அடிக்கிற அடிக்கு 69 கிரெயினுக்கு மேல் போக நினைத்தால் 8 அங்குலம்தான் வேண்டும். நான் போன ஒரு கடையில் இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் விழித்தார்கள். வேறு கடைக்குப் போய்விட்டேன்.

குறைகளும் உண்டு. தோட்டாவை ஏற்றிப் பூட்டும் பொறியைத்தான் ஆக்‌ஷன் என்பார்கள். எல்லா அளவுத் தோட்டாவுக்கும் டிக்கா ஒரே நீள ஆக்‌ஷனைத்தான் வைக்கிறது. .223-க்கு அது தேவைக்கு அதிகமான இரும்பு. ஜப்பானின் ஹோவா 1500 மினி ஆக்‌ஷன் சின்னத் தோட்டாவுக்கென்றே சின்னதாகச் செய்தது; இலகுவானது, சில நூறு டாலர் மிச்சம். அதன் சேஃப்டியில் (தவறிச் சுடாமல் தடுக்கும் பூட்டு) மூன்று நிலை இருப்பதால் சேஃப்டி போட்டபடியே போல்டைத் திறந்து தோட்டாவை எடுக்கலாம். டிக்காவில் சேஃப்டியை எடுத்தால்தான் போல்ட் திறக்கும். வேலி தாண்டும்போதெல்லாம் தோட்டாவை எடுத்துவிடுகிற ஆளுக்கு இது எரிச்சல். இருந்தாலும் ஹோவாவின் போல்ட் எனக்குக் கரகரவென்று பட்டது, வாங்கவில்லை.

சத்தம் அடக்கும் சப்ரஸருக்கு இங்கே தனி அனுமதி தேவையில்லை. ஸ்கோப்பில் கொஞ்சம் குறைத்தாவது அதை வாங்குங்கள். அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்களுடன் உறவு கெடாது, காதும் பிழைக்கும். குழல் முனையில் மரை வெட்டி வருகிற மாடலாகக் கேளுங்கள்.

இரவில் விளக்கு வைத்து 50, 60 மீட்டருக்குள் முயல் அடிப்பது மட்டும்தான் உங்கள் வேலை என்றால் டிக்கா .223 வேண்டவே வேண்டாம். பத்துத் தோட்டாவுக்கு மேல் கொள்ளாத .22 ரிம்ஃபயர் (சிறிய, வலு குறைந்த தோட்டா) செமி ஆட்டோமேட்டிக்கைச் சட்டம் விட்டுவைத்திருக்கிறது. ரூகர் 10/22 இன்றும் தாராளமாகக் கிடைக்கிறது, தோட்டாச் செலவும் சொற்பம். நானும் பிறகு ஒன்று வாங்கினேன். அதற்குள் துப்பாக்கிப் பதிவேடு வந்துவிட்டது. 2023 ஜூன் 24 முதல் துப்பாக்கி வாங்கினால் 30 நாளுக்குள் தயாரிப்பு, மாடல், வரிசை எண் எல்லாம் ஏற்ற வேண்டும். இணையத்தில் ஒரு டீ குடிக்கிற நேரம்தான். உரிமம் புதுப்பிக்கும்போது நடக்கிற விசாரணைதான் பெரிது. என் மனைவியைத் தனியாக உட்கார வைத்து எனக்குக் கோபம் வருமா என்று கேட்டார்கள். என்ன சொன்னாள் என்பதை இன்றுவரை சொல்லவில்லை, உரிமம் வந்துவிட்டது.

டிக்காவின் மேகசின் (தோட்டா நிரப்பும் பெட்டி) பிளாஸ்டிக்தான், ஆனால் இதுவரை சிக்கியதில்லை. தனியாக வாங்கப் போனால் அதற்குக் கேட்கிற விலை அநியாயம். ரைஃபிளுக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே கூடுதலாக ஒன்றைப் பேரத்தில் சேர்த்து வாங்கிவிடுங்கள்.