எடை குறைக்கிற ஒப்பரேஷனுக்கு ஏஜென்ட் பிடித்துப் போகிற திருகோணமலை ஆட்கள் வாசிக்கவும்

எங்கட டவுனில் அலுவலகம் போட்டிருக்கும் ஒரு ஏஜென்ட் மூலம் என் அக்கா இந்தியா போய் கேஸ்ட்ரிக் பைபாஸ் செய்துகொண்டு வந்தா. அந்த இடத்தின் பெயரை எழுதவில்லை. எழுதினால் நாளைக்கே போர்டை மாற்றிவிட்டு அடுத்த தெருவில் இருப்பார்கள்.

ஒப்பரேஷன் பிழை என்று நான் சொல்லவரவில்லை. அக்காவுக்கு நிறை நல்லாகக் குறைந்தது, சுகரும் இறங்கியது. தேவைப்பட்ட ஆட்களுக்கு இது சரியான வைத்தியம்தான். 2022 இல் வந்த சர்வதேச வழிகாட்டல், பிஎம்ஐ (உயரத்துக்கு நிறை எவ்வளவு என்ற கணக்கு) 35 இருந்தால் வேறு வருத்தம் இல்லாவிட்டாலும் பரிந்துரைக்கலாம் என்கிறது, ஆசியர்களுக்கு 27.5 இலேயே யோசிக்கலாம். எனக்குக் கோபம் ஏஜென்ட் சொன்ன ஒரு வசனத்தில்: "மூன்று நாளில் எழும்பி நடப்பீங்கள் அக்கா, பிறகு எல்லாம் நோர்மல்."

நடந்தது உண்மை. நோர்மல் என்பது பச்சைப் பொய்.

பைபாஸில் இரைப்பையின் மேல்பக்கத்தில் ஏறக்குறைய 30 மில்லிலீட்டர் கொள்ளுகிற சின்னப் பை ஒன்றைப் பிரித்து, சிறுகுடலை வெட்டி அதோடு நேரே பொருத்துகிறார்கள். மிச்ச இரைப்பையை எடுப்பதில்லை, அது உள்ளேயே சும்மா கிடக்கும். சாப்பாடு குடலின் முதல் பகுதியைத் தொடாமல் போவதால் இரும்புச்சத்து, கல்சியம், பி12 எல்லாம் ஒழுங்காக உடம்பில் சேராது. அதனால் விற்றமின் குளிசை சாகும்வரை. இரத்தப் பரிசோதனையும் வருடா வருடம், சாகும்வரை. இரும்புக் குளிசையையும் கல்சியத்தையும் ஒன்றாக விழுங்கக்கூடாது, இரண்டு மணித்தியாலம் இடைவெளி வேண்டும். இதில் ஒன்றையும் ஏஜென்ட் வாய் திறந்து சொல்லவில்லை. 'வாழ்நாள் ஃபாலோ அப்' என்று காசு வாங்கினார்கள். அது என்னவென்றால் ஒரு வட்ஸ்அப் குரூப். அட்மின் மட்டும்தான் அதில் எழுதலாம், எழுதுகிறதும் புரோட்டீன் பவுடர் விலை.

அக்காவுக்குப் பழைய முழங்கால் நோ. கூடும் நேரமெல்லாம் பார்மசியில் டைக்ளோபினாக் வாங்கிப் போடுவா, இங்கே எல்லாரும் செய்கிறதுதான். பைபாஸ் செய்தவர்கள் அந்த வகைக் குளிசையைத் தொடவே கூடாது. டைக்ளோபினாக், புரூபன், அஸ்பிரின் எல்லாம் குடலைப் பொருத்திய இடத்தில் புண்ணை உண்டாக்கும். (சிகரெட்டும் அப்படித்தான்.) நோவுக்குப் பனடோல்தான், அதற்குமேல் தேவை என்றால் டொக்டரைக் கேட்டுத்தான். ஏஜென்ட் தந்த பளபளக்கும் ஃபைலில் ஹோட்டல் சாப்பாட்டு மெனுகூட இருந்தது. இந்த ஒரு வரி இல்லை.

ஒப்பரேஷன் முடிந்து ஒரு வருடத்துக்குப் பிறகு அக்காவுக்கு மேல்வயிற்றில் எரிவு தொடங்கியது. கோயில் படி ஏறினால் மூச்சு வாங்கியது. மலம் தார்மாதிரிக் கறுப்பாகப் போக, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம். டொக்டர் கேட்ட முதல் கேள்வி: "ஸ்லீவா, பைபாஸா, மினி பைபாஸா? ஒப்பரேஷன் நோட் எங்கே?"

எங்களிடம் இருந்த துண்டில் 'எடை குறைப்பு சத்திரசிகிச்சை, நோயாளி நலம்' என்றுதான் இருந்தது. ஸ்லீவ் என்றால் இரைப்பையில் முக்கால்வாசியை வெட்டி எறிந்திருப்பார்கள், குடலைத் தொட்டிருக்க மாட்டார்கள். பைபாஸ் என்றால், அதன் இன்னொரு வகையான மினி பைபாஸ் என்றாலும், உள்ளே விட்ட இரைப்பைக்கு வாயால் விடுகிற வழக்கமான கமரா போய்ச் சேராது, மூக்கால் டியூப் போடுவதற்கும் யோசிக்க வேண்டும். எதை எங்கே பொருத்தினார்கள் என்று தெரியாமல் ஒரு டொக்டர் எப்படித் தேடுவார்? ஏஜென்டுக்கு எடுத்தோம், எடுத்தோம், பதில் இல்லை. வட்ஸ்அப்பில் நீலக் கோடு மட்டும் விழுந்தது. அடுத்த நாள் வந்த பதில்: "ஃபைல் எடுப்பிக்கத் தனிச் சார்ஜ்." அக்காவுக்கு இரத்தம் ஏறிக்கொண்டிருந்தது அப்போது.

கடைசியில் கமரா விட்டுப் பார்த்து, பொருத்திய இடத்தில் புண் என்று கண்டுபிடித்தார்கள். மருந்தில் ஆறிக்கொண்டு வருகிறது. காப்பாற்றியது காசு வாங்காத அரச ஆஸ்பத்திரி.

ஆகவே அட்வான்ஸ் கட்ட முன்னம் எழுத்தில் கேளுங்கள்: எந்த ஒப்பரேஷன், செய்யப்போகும் சர்ஜன் யார், ஒப்பரேஷன் நோட்டை வீட்டுக்கு வெளிக்கிடும்போதே கையில் தருவீர்களா, வெட்டிப் பொருத்திய இடம் லீக் ஆகி ஐசியூவில் படுத்தால் அந்தச் செலவு யாருடையது. ஏஜென்டோடு மட்டும் கதைத்து முடிக்காமல் சர்ஜனோடு நேரே கதையுங்கள். சுகருக்கு இன்சுலினோ கிளிக்லசைட்டோ எடுப்பவர்கள், ஒப்பரேஷன் முடிந்த கையோடு அளவைக் குறைப்பது யார் என்றும் கேளுங்கள், இல்லாவிட்டால் சுகர் இறங்கி மயங்கி விழுவீர்கள். பிள்ளை பெற யோசிக்கும் பெண்கள் 12 தொடக்கம் 18 மாதம் பொறுக்க வேண்டும்.

பிளேனால் இறங்கிய கையோடு கட்டுநாயக்காவிலிருந்து திருகோணமலைக்கு வானில் ஒரே இருப்பாக வரவேண்டாம். காலில் இரத்தம் உறையும் ஆபத்து இருக்கிற நாட்கள் அவை. இடையில் இறக்கி நடக்க வையுங்கள். வந்த பிறகு காய்ச்சல், நெஞ்சுப் படபடப்பு, இடது தோள்மூட்டு நோ, மூச்சுத் திணறல் என்றால் 1990 அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், குரூப்பில் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். வருடங்கள் கழித்தும் வயிறு முறுக்கிப் பிடித்தால் குடல் உள்ளே சிக்கியிருக்கலாம், அன்றைக்கே ஸ்கான் வேண்டும். விடாமல் சத்தி எடுப்பவர்களுக்கு பி1 விற்றமின் இறங்கி, கண் இரண்டாகத் தெரியும், நடை தள்ளாடும். சேலைன் ஏற்றுகிறவரிடம் முதலில் தயமின் (அதுதான் பி1) ஊசியைக் கேளுங்கள்.

முறைப்பாடு செய்யப் போனபோதுதான் இன்னொன்று விளங்கியது. உள்ளூர்த் தனியார் ஆஸ்பத்திரி என்றால் 2006 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குறுத்தல் சபையிடம் போகலாம். வெளிநாட்டில் செய்ததற்கு அவர்கள் என்ன செய்வது? மருத்துவ சபையும் இங்கே பதிவில்லாத டொக்டரைக் கூப்பிட்டுக் கேட்க முடியாது. எங்களுக்கு மிஞ்சியது, சேவை தருவதாக இங்கே வைத்துக் காசு வாங்கிய ஏஜென்ட்தான். அதற்கு நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற நம்பருக்கு அடித்தோம். ரசீது இருக்கிறதா என்றார்கள். இருக்கிறது, ஆனால் அதில் 'சுற்றுலா ஆலோசனைக் கட்டணம்' என்று எழுதியிருக்கிறது. உங்களுக்குத் தரும் ரசீதையும் அங்கேயே நின்று வாசியுங்கள்.

இந்தக் கிழமையும் அவர்கள் முகநூலில் விளம்பரம் போட்டிருக்கிறார்கள், முன்னும் பின்னும் என்று இரண்டு படம். முகத்தை மறைத்திருக்கிறார்கள், ஆனால் சேலை எங்களுக்குத் தெரியும். அது அக்காதான். கேட்காமல் போட்டது. எடுக்கச் சொல்லி எழுதியிருக்கிறோம்.