நண்டு பார்த்தவரை நினைத்து: காரங்காடு பயணக் குறிப்பு

பிடில் நண்டை (சேற்றில் வளை தோண்டி வாழும் சின்ன நண்டு) வைத்துப் பரிணாமச் சூழலியல் படித்த சகா ஒருவர் மறைந்துவிட்டார். அவர் நினைவாக ஊர்ப்பக்கம் ஏதாவது செய்ய வேண்டும் என்று வெளிநாட்டிலிருந்து விமானம் ஏறுகிறவர்களுக்கு இது. ராமேஸ்வரம் கூட்டத்தை விட்டுவிடுங்கள். ராமநாதபுரத்திலிருந்து தேவிபட்டினம், உப்பூர் வழியே ஈசிஆரில் வடக்கே போய்க் கடல்பக்கம் திரும்பினால் காரங்காடு, அலையாத்திக் காடு உள்ள கடலோரக் கிராமம். மதுரை ஏர்போர்ட்டில் கார் பேசும்போதே வெயிட்டிங் சார்ஜையும் டிரைவர் பேட்டாவையும் முடித்துக்கொள்ளுங்கள்; தகராறு அங்கேதான் வரும்.

அலையாத்திக் காட்டுக்குள் படகு விடுவது வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து. அது சுற்றிக்காட்டும் சவாரி. நண்டு பார்க்க வந்திருக்கிறோம், சேறு தெரியும் இடத்தில் எஞ்சினை அணைத்து நிற்க வேண்டும் என்று ஏறும்முன்பே சொல்லிவிடுங்கள். பகலில் நீர் வற்றும் நேரத்துக்குப் போக வேண்டும். இங்குள்ள பாக் விரிகுடாவில் கடல்நீர் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித்தான் சேறு நன்றாக வெளிப்படும். மழைக்காலத்தில் வாடை அடித்துத் தண்ணீரைக் கரையில் தேக்கினால் ஓத அட்டவணையை (கடல்நீர் ஏறி வற்றும் நேரப் பட்டியல்) நம்ப முடியாது.

நிழல் அசைந்தால் போதும், நண்டெல்லாம் வளைக்குள் போய்விடும். பேசாமல் காத்திருந்தால் ஒவ்வொன்றாக வரும். ஆணுக்கு ஒரு கொடுக்கு மட்டும் பெரிது. அதை ஆட்டிப் பெண்ணை அழைக்கும், தின்பதற்குச் சின்னக் கொடுக்குதான். பெண் இரண்டாலும் சேற்றை அள்ளித் தின்னும். பெரிய கொடுக்கு அறுந்தால் திரும்ப முளைக்கும். சில இனங்களில் அப்படி முளைப்பது நீளத்தில் குறையாது, ஆனால் மெலிசு, பல் கிடையாது, பிடியில் வலு இல்லை. சண்டைக்கு வரும் இன்னொரு ஆணுக்குப் பார்வையில் அது பிடிபடுவதில்லை. இந்தப் போலி மிரட்டல் எப்படி நிலைத்தது என்பதுதான் பரிணாமச் சூழலியலின் ருசியான கேள்வி.

நினைவுக்கு மரம் நடலாமே என்பார்கள். திறந்த சேற்றில் கண்டல் (அலையாத்திக் காட்டு மரம்) நட்டால் நண்டு ஆடும் களமே போய்விடும். தண்ணீர் ஓட்டமில்லாத இடத்தில் உப்பேறிக் கன்றும் பட்டுப்போகும். தப்பியதை ஆடு மேயும். வாய்க்கால் வெட்டி நீரோட்டம் கொடுத்தபிறகே நடவு, அதுவும் வனத்துறை காட்டும் இடத்தில். ஆய்வுக்கென்று ஒரு நண்டைக்கூட எடுக்காதீர்கள்: 2002 பல்லுயிர்ச் சட்டப்படி வெளிநாட்டவருக்கு மட்டுமல்ல, வெளிநாட்டில் வாழும் இந்தியக் குடிமக்களுக்கும் சென்னையிலுள்ள தேசிய பல்லுயிர் ஆணையத்தின் முன் அனுமதி வேண்டும்.

எங்களைக் கேட்டால், படகுக்காரர்களுக்கு ஒரு பைனாகுலர் வாங்கிக் கொடுப்பது மேல். 8 மடங்கு பெரிதாக்குவது, 2 மீட்டர் தூரத்திலும் குவிவது, நைட்ரஜன் அடைத்த வாட்டர்ப்ரூஃப் வகை. மற்றதில் கடற்கரை ஈரத்துக்கு லென்ஸுக்குள் பூஞ்சை பிடித்துவிடும். உப்பை நல்ல தண்ணீரால் அலசிய பிறகே துடைக்க வேண்டும், காய்ந்த உப்போடு தேய்த்தால் கண்ணாடி கீறும் என்பதையும் கையோடு சொல்லிக்கொடுங்கள்.